அடுத்த பாவு யார் தருவார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

போன ஞாயிறு இதழில், வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே ஆன்லைனில் சம்பாதிக்கும் இளைஞர்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கூடவே ஏற்காட்டுப் பனிமூட்டம், மரப்பெஞ்சு, காபி, மடிக்கணினி என்று ஒரு படம். படம் நன்றாகத்தான் இருந்தது. நானும் ஒரு தடவை அப்படி ஆசைப்பட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனவன்தான். மழை பிடித்ததும் சிக்னல் போய்விட்டது. அன்றைக்கு அனுப்ப வேண்டிய கணக்கை, அடிவாரத்துக்கு இறங்கி வந்து, டீக்கடை வாசலில் பைக் சீட் மேல் மடிக்கணினியை வைத்து அனுப்பினேன். அது போகட்டும்.

கட்டுரையில் எல்லாரும் மாதம் எவ்வளவு வருகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் அப்பா கேட்ட கேள்விக்கு மட்டும் அதில் பதில் இல்லை.

எங்கள் வீடு சேலம் அம்மாப்பேட்டையில். அப்பா வெண்பட்டு வேட்டி நெய்தவர். முன்னறையில் குழித்தறி. குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுவார். முதலாளி பாவும் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) ஊடையும் (குறுக்கே ஓடும் நூல்) கொடுப்பார், நெய்து கொடுத்தால் கூலி. ஐப்பசி, கார்த்திகையில் குழியில் ஈரம் ஊறினால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி இல்லை. அப்போதெல்லாம் முன்பணம் வாங்கித்தான் அடுப்பு எரியும். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது சேலத்துக்குப் புதுசா என்ன? கொலுசுப் பட்டறைகளில் பாதி வீட்டுக்குள்தான் நடக்கிறது. அதனால்தான் நான் மாதச் சம்பளத்துக்குப் போனது அப்பாவுக்கு அவ்வளவு பெருமை. மாசம் பொறந்தா காசு என்பார்.

2013 ஏப்ரலில் ஐந்து ரோடு பக்கம் ஒரு நிறுவனத்தில் கணக்கராகச் சேர்ந்தேன். 2022 ஜூனில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அப்போது சம்பளம் 19,500 ரூபாய். அதற்கு முந்தைய நான்கு மாதமாக ராத்திரியில் ஃபைவர் என்ற இணையதளம் மூலம் வெளிநாட்டுக் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நூறு டாலர் வேலை என்றால் அவர்கள் இருபதைப் பிடித்துக்கொண்டு எண்பது தருவார்கள். அதை ரூபாயாக மாற்றும்போது இன்னும் கொஞ்சம் கழியும். அப்படியும் ஒரு மாதம் சம்பளத்தை விடக் கூட வந்துவிட்டது. அந்த ஒரு மாதத்தை வைத்து முடிவெடுத்தேன்.

வீட்டில் சொன்னபோது அப்பா சத்தம் போடவில்லை. "பாவு எத்தன கைல இருக்கு?" என்றார். எனக்குப் புரியவில்லை. "இப்பப் பாக்குற வேல தீந்தா அடுத்த பாவு யாரு குடுப்பா கண்ணு?" என்று கேட்டார். "நெட்டுல வரும்ப்பா" என்றேன்.

தறியைப் பக்கத்திலிருந்து பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பாவு முடியப் போகும்போது அதை ஒரேயடியாக நெய்து தீர்த்து அறுத்துவிட மாட்டார்கள். தறியில் இழைகள் நுழைந்து போகும் அச்சிலும் விழுதிலும் பழைய இழைகளின் முனை அப்படியே கோத்துக் கிடக்கும். புதுப் பாவைக் கொண்டுவந்து, அந்த ஒவ்வொரு முனையோடும் ஒவ்வொரு இழையாக வைத்துத் திருகிப் பிணைப்பார்கள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு அம்மா நாள் முழுக்க அதைச் செய்து பார்த்திருக்கிறேன். எல்லா இழையும் பிணைத்த பிறகுதான் மெதுவாக இழுத்து, முடிச்சுகள் அச்சைத் தாண்டி வந்ததும் நெசவு ஆரம்பிக்கும். பழைய முனையை அறுத்துவிட்டால் அத்தனை இழையையும் விழுதிலும் அச்சிலும் முதலிலிருந்து கோக்க வேண்டும். நான் அறுத்துவிட்டு வந்தவன்.

எதையெல்லாம் அறுத்தேன் என்பது போகப் போகத்தான் தெரிந்தது. ஈ.எஸ்.ஐ.க்கு மாதம் என் கையிலிருந்து பிடித்தது வெறும் 147 ரூபாய். அதற்கு நான், மனைவி, குழந்தை, அப்பா எல்லாருக்கும் வைத்தியம். இப்போது தனியாக எடுத்த மருத்துவக் காப்பீட்டுக்கு வருடத்துக்கு முப்பதாயிரத்துக்கு மேல் கட்டுகிறேன். அப்பாவின் சர்க்கரைக்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். பி.எஃப். என் பங்கு 1,800, நிறுவனத்தின் பங்கு 1,800. அந்த இரண்டாவது 1,800 ஒருநாளும் என் கண்ணில் பட்டதில்லை, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை. கணக்கர் வேலை பார்த்தவன் சொல்கிறேன்!

இதைவிட வெட்கம் பென்ஷன் விஷயம். பி.எஃப். திட்டத்தில் பத்து வருடம் சர்வீஸ் இருந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன் உண்டு. அதிலும் ஆறு மாதமும் அதற்கு மேலும் வரும் மீதியை முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள். அதாவது ஒன்பதரை வருடம் இருந்தாலே பத்து. நான் விலகியபோது ஒன்பது வருடம் இரண்டு மாதம். இன்னும் நான்கு மாதம் பல்லைக் கடித்திருந்தால் போதும். ஆபீசில் மற்றவர்களுக்கெல்லாம் அந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவனே நான்தான். வேறு வேலையில் சேர்ந்தால் தொடர்ந்துகொள்ளலாம் என்று சான்றிதழ் வாங்கி வைத்திருக்கலாம். அதையும் செய்யாமல், கைச்செலவுக்கு ஆகும் என்று பணமாக எடுத்துவிட்டேன். கிராஜுவிட்டி மட்டும் ஒழுங்காக வந்தது.

அப்புறம் வீட்டுக்கடன். மாடியில் ஒரு அறை போடலாம் என்று வங்கிக்குப் போனேன். என் கணக்கில் பணம் வந்து போவதைப் பார்த்துவிட்டு, சம்பளச் சீட்டு எங்கே என்றார்கள். இல்லை என்றதும் மூன்று வருட வருமான வரி ரிட்டர்ன் கொண்டு வரச் சொன்னார்கள். கையில் இருந்தது ஒன்று.

இப்போது நான் பார்ப்பது மெல்போர்னில் உள்ள சின்னக் கடைகளின் கணக்கு. பில்களைப் பதிவது, வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது. அங்கே காலை ஒன்பது மணி என்றால் இங்கே நாலரை. அக்டோபர் முதல் ஞாயிறு வந்தால் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள், எனக்கு அது மூன்றரை ஆகிவிடும், ஏப்ரல் வரைக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பி.ஏ.எஸ். என்று நம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் மாதிரி ஒன்று உண்டு. அக்டோபர் 28, பிப்ரவரி 28, ஏப்ரல் 28, ஜூலை 28 கடைசி நாள். 2024இல் தீபாவளி அக்டோபர் 31. வீட்டில் எல்லாரும் துணி எடுக்கக் கிளம்பிவிட்டார்கள். நான் ஒரு பிளம்பரின் பெட்ரோல் பில்களோடு உட்கார்ந்திருந்தேன்.

போன வருடம் அப்பா கேட்டது நடந்தது. என் வருமானத்தில் பாதிக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்த இடம், பில்லைத் தானே படித்துப் பதியும் மென்பொருளுக்கு மாறிவிட்டது. இரண்டு வாரம் அவகாசம், ஒரு நன்றி மெயில். அவ்வளவுதான். அதன் பிறகு மூன்று மாதம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. அப்பா முன்பணம் வாங்கிய மாதிரி நான் நகையை வைத்தேன்.

வேலையை விடாதே என்று யாருக்கும் சொல்ல நான் இதை எழுதவில்லை. நான் திரும்பிப் போகப் போவதும் இல்லை. பகல் பதினொரு மணிக்கு வேலை முடிந்து, அப்பாவை நானே டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். பையன் பள்ளி விட்டு வரும்போது வாசலில் நிற்கிறேன். பழைய வேலையில் இது நடக்காது. இப்போது நான்கு இடங்களின் வேலை கையில் இருக்கிறது, எதுவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் இது சம்பளம் இல்லை, கூலி. டாலரில் வரும் கூலி. எங்கள் தெருப் பையன்கள் இதைச் சம்பளம் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். அதுவாவது பரவாயில்லை, உழைத்தால் வரும். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போடும் வேலை என்று நம்பி, முதலில் 150 ரூபாய் வாங்கி, அப்புறம் டெபாசிட் டெபாசிட்டாக நாற்பதாயிரம் விட்டாள். இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே கூப்பிட வேண்டும் என்றுகூட அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. வேலை கொடுப்பவன் நம்மிடம் பணம் கேட்பானா?

அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது உங்கள் நிருபர் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கட்டும். உங்களுக்கு எத்தனை இடத்திலிருந்து வேலை வருகிறது? அதில் பெரியது நின்றால் எத்தனை மாதம் தாங்கும்? ஏற்காட்டுப் படத்தையும் தாராளமாகப் போடுங்கள், பார்க்க நன்றாக இருக்கிறது.

உங்கள் பத்திரிகையில் நான் காலையில் முதலில் பார்ப்பது 'நாளைய மின்தடை' பகுதி. நாளைக்கு எங்கள் பக்கம் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை என்று போட்டிருக்கிறது. இன்வெர்ட்டர் இரண்டு மணி நேரம்தான் தாங்கும், ராத்திரியே இரண்டு பேர் கணக்கை முடித்தாக வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அம்மாப்பேட்டை, சேலம்.