எங்கள் தெருவில் எத்தனை அடி தண்ணீர் வரும்? எச்சரிக்கை விடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

பேரிடர் எச்சரிக்கைகளை வெளியிடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். அணையைத் திறந்த இரவில் நடந்தது உங்களுக்கே தெரியும். அதை விவரிக்கப் போவதில்லை. 'உரிய நேரத்தில் எச்சரிக்கை விடுக்கப்பட்டது' என்று மறுநாள் செய்திக்குறிப்பில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதுதான் இந்த மடலை எழுத வைத்தது.

எச்சரிக்கை வந்தது உண்மை. இரவு பதினொரு மணிக்குமேல் கைப்பேசி அலறியது. விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி நீர் திறக்கப்படுகிறது, கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும். அவ்வளவுதான். எந்தத் தெரு வரை கரையோரம்? தண்ணீர் வந்து சேர எவ்வளவு நேரமாகும்? பாதுகாப்பான இடம் எது, அதன் கதவு திறந்திருக்குமா? படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவை மாடிக்குத் தூக்குவதா, வண்டி பிடித்து வெளியே கொண்டுபோவதா என்று எப்படி முடிவு செய்வது? உதவி எண்ணில் பேசியவர், பாவம், அதே குறுஞ்செய்தியை எனக்குப் படித்துக் காட்டினார். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, போர்வையால் சேர்த்துக் கட்டி, மாடி வீட்டுக்காரரும் நானும் தூக்கிக்கொண்டு படியேறினோம். பாதிப் படியில் மின்சாரம் போனது. திரும்பி இறங்கியபோது, இன்சுலின் வைத்திருந்த குளிர்பெட்டி கூடத்தில் மிதந்துகொண்டிருந்தது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வரும், எங்கே போக வேண்டும் என்று சொல்லுங்கள். கணிப்பு துல்லியமாக இராது என்பீர்கள். இராவிட்டால் போகட்டும். 'முழங்கால் அளவு வரலாம், அதற்கு மேலும் ஏறலாம்' என்றாலே எங்களுக்குப் போதும். உறுதியில்லாததைச் சொன்னால் மக்கள் பீதியடைவார்கள் என்று அஞ்சுகிறீர்கள். ஒன்றுமே தெரியாமல் இருட்டில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு மட்டும் பீதி இல்லையா?

2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியாவில் வானிலை மையம் காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை விடுத்துவிட்டது. மக்களின் கைப்பேசிக்கு அவசரச் செய்தி போனபோது இரவு எட்டு மணி தாண்டியிருந்தது. பல ஊர்களில் அதற்கு முன்பே வெள்ளம் புகுந்துவிட்டது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கருவிகளுக்குப் பஞ்சமில்லாத நாடு அது. வங்கதேசமோ, 1970 புயலில் லட்சக்கணக்கானோரை இழந்தபின், கரையோரக் கிராமங்களில் தன்னார்வலர்களைப் பழக்கி, கொடியும் ஒலிபெருக்கியுமாக வீடுகளுக்கு அனுப்பியது. தெரிந்த முகம் வந்து கதவைத் தட்டினால் யார் யோசித்துக்கொண்டு நிற்பார்கள்? 2020இல் அம்பன் புயல் தாக்கியபோது அங்கே இறந்தவர்கள் நூறைக்கூட எட்டவில்லை. புகலிடங்களும் கூடியிருந்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் புகலிடத்துக்குப் போகச் சொல்ல ஆள் வேண்டுமல்லவா?

உங்கள் ஒத்திகைகளையும் பார்த்திருக்கிறோம். பளபளக்கும் மேலங்கி, ரப்பர் படகு, புகைப்படக்காரர்கள் என்று எல்லாம் நேரத்துக்கு வந்துவிடும், வெள்ளத்தைத் தவிர. அந்த இரவில் வெள்ளம் மட்டும் வந்தது.

சரி, கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்டுவிடுகிறேன். அடுத்த மழைக்காலத்துக்கு முன், இத்தனை கன அடி திறந்தால் இதுவரை தண்ணீர் வரும் என்று தெருமுனைக் கம்பங்களில் கோடு போட்டு எழுதிவையுங்கள். நடக்க முடியாதவர்கள் இருக்கும் வீடுகள் எவை என்பது அந்தந்தத் தெருவில் பொறுப்பேற்கும் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். மதகைத் தூக்கும் முன் தெரு, மணி, உயரம், போக வேண்டிய இடம் நான்கையும் சொல்லுங்கள். இந்த வேலையை எந்தத் தேதியில் தொடங்குவீர்கள் என்று எழுத்தில் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஆற்றோரக் குடியிருப்பாளர் ஒருவர்