செவ்வாய்க்கு ஒரு பாடவேளை, நிலவுக்கு ஒரு பாடவேளை: மேல்நிலை இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பேரன்புடைய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். ஈர்ப்பியல் பாடம் தொடங்கும் நாளில் நம் வகுப்பறைக் கரும்பலகைகளில் முதலில் ஏறுவது பெரும்பாலும் கெப்ளரின் மூன்று விதிகள்தாம். மாணவர்கள் அவற்றைக் குறிப்பேட்டில் எழுதி முடிப்பதற்குள் நியூட்டனின் சமன்பாடு வந்துவிடுகிறது. மறுநாளே கணக்குகள் தொடங்கிவிடுகின்றன. பாடத்திட்டத்தின் நீளத்தையும் தேர்வின் நெருக்கடியையும் நன்கு அறிந்தவன் என்பதால் இந்த வேகத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. நான் கேட்பது இரண்டே பாடவேளைகள்: விதிகளை எழுதுவதற்கு முன் ஒன்றைச் செவ்வாய்க்கும், ஈர்ப்புச் சமன்பாட்டை எழுதிய பின் ஒன்றை நிலவுக்கும் ஒதுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கெப்ளரும் நியூட்டனும் சொன்னதை மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். அவர்கள் ஏன் அப்படிச் சொல்ல நேர்ந்தது என்று கேட்டால் விழிக்கிறார்கள். அந்த ‘ஏன்’ இந்த இரண்டு பாடவேளைகளுக்குள் அடங்கிவிடும்.

செவ்வாயிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விண்மீன்களுக்கிடையே கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும் செவ்வாய், ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை தயங்கி நின்று, சில வாரங்கள் மேற்காகப் பின்வாங்கி, மீண்டும் பழைய திசையில் செல்கிறது. பஞ்சாங்கம் இதை வக்ரம் என்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த தாலமி, புவியைச் சுற்றும் பெரிய வட்டத்தின் மேல் நகரும் ஒரு சிறுவட்டத்தில் கோளை ஏற்றி இதற்கு விளக்கம் தந்தார். 1543-இல் வெளியான தம் நூலில் கோப்பர்நிக்கஸ், உள்வட்டத்தில் விரைந்து செல்லும் புவி வெளிவட்டத்துச் செவ்வாயை முந்திச் செல்வதால் ஏற்படும் தோற்றமே இந்தப் பின்வாங்கல் என்றார். விளக்கம் எளிமையானது, ஆனால் அவரும் வட்டங்களை விடவில்லை என்பதால், கோள் எந்த நாளில் எங்கே நிற்கும் என்னும் கணிப்பில் பெரிய முன்னேற்றம் ஒன்றும் ஏற்பட்டுவிடவில்லை. இதை மாணவர்களிடம் மறைக்க வேண்டியதில்லை. சூரியனை நடுவில் வைத்தவுடன் எல்லாம் சரியாகிவிட்டதாக நாம் சொல்லிக்கொடுப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது.

இந்த இடத்தில் நம் மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: “பஞ்சாங்கத்திலேயே கிரகணத்தைச் சொல்லிவிடுகிறார்களே, பிறகு நியூட்டன் எதற்கு?” நல்ல கேள்வி, அதைத் தட்டிக்கழிப்பது தவறு. 1825-இல் புதுச்சேரியில் ஜான் வாரன் என்பவருக்குத் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், அவ்வாண்டு மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைத் தரையில் சோழிகளை அடுக்கியே கணித்துக் காட்டினார். வேண்டிய எண்கள் அவருக்கு மனப்பாடமாக இருந்தன. தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் என்பதே அவர் கணிப்பில் இருந்த பிழை. ஒரு விசையைப் பற்றியும் பேசாமல், தலைமுறைகளாகக் காத்து வந்த சுழற்சிகளைக் கொண்டே இவ்வளவு நெருங்க முடியும் என்பது பெருமைக்குரியதுதான். ஆயினும் இத்தகைய முறையில், கணிப்பு தவறும்போது தவறு எங்கே நுழைந்தது என்று தேடுவதற்கு வழி கிடையாது. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் ஒரே சனிப்பெயர்ச்சிக்கு வெவ்வேறு நாள் குறிப்பதை மாணவர்கள் வீட்டிலேயே பார்த்திருப்பார்கள்: சனி கும்பத்துக்குப் பெயர்ந்த நாள் திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, வாக்கியப்படி 2023 டிசம்பர் 20.

இதே வகையான முரண்பாடுதான் டென்மார்க்கைச் சேர்ந்த டைக்கோ பிராகேயை வானியலுக்கு இழுத்து வந்தது. 1563-இல் வியாழனும் சனியும் நெருங்கி வந்தபோது, கோள்நிலைகளைக் குறிக்கும் பழைய அல்போன்சோ அட்டவணை ஒரு மாத அளவுக்குத் தவறியிருந்ததையும், கோப்பர்நிக்கஸ் வழியில் அமைந்த புதிய அட்டவணைகூடச் சில நாட்கள் பிசகியிருந்ததையும் பதினாறு வயது டைக்கோ கண்டார். பின்னாளில் டென்மார்க் அரசர் அளித்த வென் தீவில், தொலைநோக்கி பிறப்பதற்கு முன்பே, சுவரில் பதித்த பெரிய கால்வட்டக் கருவிகளைக் கொண்டு இருபது ஆண்டுகள் இரவுதோறும் அளந்தார். ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் வரும் கலையில் ஒன்றிரண்டுக்கு மேல் பிழை நேராத அளவுகள் அவை. புவி நகர்கிறது என்பதை அவர் கடைசி வரை ஏற்கவில்லை. புவி நகர்வதை உறுதிப்படுத்தியவருக்குக் கையில் கிடைத்தவையோ அவருடைய அளவுகள்தாம்.

1600-இல் பிராகா அருகே டைக்கோவிடம் வந்து சேர்ந்த யோகான்னஸ் கெப்ளருக்குக் கிடைத்த வேலை செவ்வாய். இது அவருடைய நற்பேறு என்றே சொல்ல வேண்டும். வெள்ளியின் பாதை ஏறக்குறைய வட்டமே; புதனோ சூரிய ஒளியில் மறைந்து அளக்கவே அரிதாக இருப்பது. வட்டத்திலிருந்து விலகியும், நள்ளிரவு வானில் நன்றாக அளக்கத்தக்கதாகவும் இருந்த கோள் செவ்வாய் ஒன்றே. சூரியனுக்கு நேர் எதிரே செவ்வாய் நின்ற நான்கு நிலைகளை எடுத்துக்கொண்டு, வட்டப் பாதை ஒன்றை அவற்றுக்குப் பொருத்த அவர் ஏறத்தாழ எழுபது முறை கணக்கிட்டார். மடக்கைகூட இல்லாத காலம். இறுதியில் கிடைத்த அமைப்பு, டைக்கோ அளந்த எதிர்நிலைகள் அனைத்துக்கும் இரண்டு கலைக்குள் பொருந்தியது. வேறு எவராயினும் அங்கேயே நிறுத்தி நூலை அச்சுக்கு அனுப்பியிருப்பார்.

கெப்ளர் அதை வேறு வழியில் சோதித்தார். வானில் செவ்வாய் மேலும் கீழுமாக விலகும் அளவைக் கொண்டு தொலைவுகளைக் கணித்தபோது, பாதையின் மையம் தாம் வைத்த இடத்தில் இருக்க முடியாது என்று தெரிந்தது. மையத்தை நகர்த்தினாலோ, சில இடங்களில் செவ்வாய் 8 கலை தள்ளி நின்றது. எட்டுக் கலை என்பது முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழ கால் பங்கு. தாலமியின் அளவுகளில் 10 கலை வரை பிழை நேரலாம் என்பதால், அவற்றை மட்டும் நம்பியிருந்தால் இந்த 8 கலையைப் பொருட்படுத்தத் தேவையே இருந்திராது. டைக்கோவைப் போன்ற ஒருவரை இறைவன் தந்திருக்கையில் இதைப் புறக்கணிக்கலாகாது என்றும், வானியல் முழுவதையும் திருத்தி அமைக்க இந்த எட்டுக் கலையே வழிகாட்டியது என்றும் கெப்ளர் எழுதினார். தம் பல மாத உழைப்பைத் தாமே ஒதுக்கிவிட்டு, மீண்டும் தொடக்கத்துக்குச் சென்றார்.

தொடக்கம் என்று அவர் கருதியது புவி. நாம் நிற்கும் மேடையே எப்படி நகர்கிறது என்று தெரியாமல், அதிலிருந்து அளந்த செவ்வாயின் பாதையை நம்புவது எப்படி? அவர் கண்ட உத்தியை வகுப்பறையில் அளவுகோலும் பாகைமானியும் கொண்டே வரைந்து காட்டலாம். செவ்வாய் சூரியனை ஒருமுறை சுற்ற 687 நாட்கள் ஆகின்றன. ஆகவே 687 நாள் இடைவெளியில் எடுத்த அளவுகளில் செவ்வாய் ஒரே இடத்தில் நிற்கும்; புவியோ இரண்டு முழுச்சுற்றுக்கு 43 நாட்கள் குறைவாக, ஒவ்வொரு முறையும் வேறோர் இடத்தில் நிற்கும். சூரியனையும் செவ்வாயையும் இணைக்கும் கோட்டை நிலையான அடிக்கோடாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் சூரியனும் செவ்வாயும் தெரிந்த திசைகளைக் கொண்டு முக்கோணம் வரைந்தால், புவி நின்ற இடங்கள் ஒவ்வொன்றாகத் தாளில் விழும். அதாவது, கெப்ளர் மனத்தளவில் செவ்வாயில் போய் நின்றுகொண்டு புவியை அளந்தார். என்னைக் கேட்டால், ஈர்ப்பியல் பாடம் முழுவதிலும் இதைவிட அழகான வடிவியல் இல்லை.

புவியும் சூரியனை நெருங்குகையில் விரைந்தும், விலகுகையில் மெதுவாகவும் செல்கிறது என்பது அப்போது உறுதிப்பட்டது. சம காலத்தில் சம பரப்பு என்ற விதி அதிலிருந்து பிறந்தது. நாம் இரண்டாவதாக எழுதும் இவ்விதிதான் முதலில் வந்தது; முதல் விதியான நீள்வட்டம், 1605-இல்தான் அவருக்குக் கைகூடியது. அதுவும் எளிதில் நடக்கவில்லை. வட்டத்தின் ஆரத்தை 1,00,000 என்று கொண்டால், பக்கவாட்டில் பாதை உள்வாங்கியிருக்க வேண்டிய அளவு 429 என்று அவர் கண்டிருந்தார். செவ்வாயிலிருந்து பார்த்தால் சூரியனுக்கும் பாதையின் மையத்துக்கும் இடையே தோன்றும் மிகப் பெரிய கோணம் 5 பாகை 18 கலை. தற்செயலாக அதன் சீகண்ட் மதிப்பை (கொசைனின் தலைகீழை) அதே 1,00,000 அளவில் பார்த்தவர், அது 1,00,429 ஆக இருக்கக் கண்டு, உறக்கத்திலிருந்து விழித்தாற்போல உணர்ந்ததாக எழுதியிருக்கிறார். அதன்பின்னும் தடுமாறியே நீள்வட்டத்தை அடைந்தார். நம் பாடநூல் படங்களில் கோழிமுட்டையைப் போல நீண்டு கிடக்கும் அந்தப் பாதை, உண்மையில் அரை விழுக்காடுகூட நசுங்காதது. உண்மை அளவில் வரைந்தால் வட்டத்திலிருந்து கண்ணால் பிரித்தறிய முடியாது. படத்தின் அடியில் ‘உண்மை அளவில் வரையப்பட்டதன்று’ என்று ஒரு வரியாவது சேர்த்துச் சொல்லுங்கள். எழுபது கணக்குகள் ஏன் தேவைப்பட்டன என்று மாணவர்களுக்கு அப்போதுதான் விளங்கும்.

இரு விதிகளும் 1609-இல் அச்சாயின; சுற்றுக்காலத்தின் இருமடியைத் தொலைவின் மும்மடியோடு இணைக்கும் மூன்றாம் விதி 1618 மே மாதத்தில் கிடைத்து மறு ஆண்டு வெளிவந்தது. அவருடைய அட்டவணையைக் கொண்டு, 1631 நவம்பர் 7 அன்று சூரியனின் முகத்தைப் புதன் கடந்து செல்வதைப் பாரிசில் கசாந்தி கண்டார். முன்னறிவித்த கெப்ளர் முந்தைய ஆண்டிலேயே காலமாகிவிட்டிருந்தார்.

கோள்களை எது நகர்த்துகிறது என்பதற்குக் கெப்ளரிடமும் ஒரு விடை இருந்தது. சுழலும் சூரியனிலிருந்து புறப்படும் காந்தத்தன்மை போன்ற ஒன்று கோள்களைப் பாதையின் வழியே தள்ளிக்கொண்டு போகிறது என்று அவர் எண்ணினார். இது தவறு, ஆனால் பயனுள்ள தவறு. வானத்து இயக்கத்துக்கும் ஓர் இயற்பியல் காரணம் தேட வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. பாதையின் வழியே தள்ளுவதற்கு விசையே தேவையில்லை, பாதையை வளைப்பதற்குத்தான் தேவை என்ற திருத்தம், கலிலியோ, டேகார்ட்டு ஆகியோர் வழியாக வளர்ந்த நிலைமம் என்னும் கருத்தினால் வந்தது. சூரியனை நோக்கிய இழுப்பு தொலைவின் இருமடிக்கேற்பக் குறையலாம் என்று இராபர்ட் ஊக்கு 1679–80-இல் நியூட்டனுக்கு எழுதிய மடல்களில் குறிப்பிட்டார். ஊக்கைப் பாடத்தில் சுருள்வில்லோடு நிறுத்திவிடுவது அவருக்கு இழைக்கும் அநீதி. ஆயினும் ஊகிப்பது வேறு, நிறுவுவது வேறு. 1684 ஆகஸ்டில் எட்மண்டு ஆலி கேம்பிரிட்ஜுக்கு நேரில் சென்று, அத்தகைய விசையின்கீழ் கோளின் பாதை என்னவாக இருக்கும் என்று கேட்டபோது, நீள்வட்டம் என்றும் அதைத் தாம் முன்பே கணக்கிட்டுவிட்டதாகவும் நியூட்டன் சொன்னார். அந்தத் தாள்தான் அகப்படவில்லை. புதிதாக எழுதத் தொடங்கியது வளர்ந்து, 1687-இல் பிரின்சிப்பியா என்னும் நூலாக வெளிவந்தது. மீன்களைப் பற்றிய நூலொன்றை அச்சிட்டுக் கைப்பொருளை இழந்திருந்த இலண்டன் அறிவியல் அமைப்பான இராயல் கழகத்தால் செலவை ஏற்க முடியாமல் போக, ஆலியே தம் பணத்தைப் போட்டார்.

நிலவுக்கான பாடவேளை இங்கேதான் வருகிறது. ஆப்பிள் கதையை நியூட்டனே முதுமையில் சொன்னதாக 1726-ஆம் ஆண்டு உரையாடல் ஒன்றைக் கேட்டவர் பதிவு செய்திருக்கிறார். தலையில் விழுந்தது என்பது மட்டும் பிற்காலத்துச் சேர்க்கை. ஆனால் கதை ஆப்பிளோடு முடிந்துவிட்டால் பயனில்லை. ஆப்பிளை இழுக்கும் அதே இழுப்பு நிலவு வரை நீளுமா என்பதுதான் கேள்வி. அதைப் பத்து நிமிடத்தில் கரும்பலகையில் சோதித்துவிடலாம். நிலவு 3,84,400 கி.மீ. தொலைவில் 27.3 நாட்களில் ஒரு சுற்றை முடிக்கிறது. நேர்கோட்டில் போயிருக்க வேண்டிய நிலவு, ஒரு நொடியில் அந்தக் கோட்டிலிருந்து புவியை நோக்கி எவ்வளவு விழுகிறது என்று மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். விடை 1.36 மில்லிமீட்டர் வரும். இங்கே கைவிட்ட கல் முதல் நொடியில் விழுவது 4.9 மீட்டர். நிலவு, புவியின் ஆரத்தைப்போல் 60 மடங்கு தொலைவில் இருப்பதால், 4.9 மீட்டரை 60-இன் இருமடியான 3600-ஆல் வகுத்தால் கிடைப்பதும் அதே 1.36 மில்லிமீட்டர். நியூட்டன் இதை இன்னும் நயமாகச் சொன்னார்: விழும் தொலைவு நேரத்தின் இருமடிக்கேற்பக் கூடும், ஒரு நிமிடத்துக்கு 60 நொடி என்பதால், நிலவு ஒரு நிமிடத்தில் விழும் தொலைவும் கல் ஒரு நொடியில் விழும் தொலைவும் ஒன்றே. இளமையில் இக்கணக்கைப் போட்டபோது அவரிடம் இருந்த புவியின் அளவு உண்மையைவிடச் சிறியது. விடை ஓரளவுக்கே பொருந்தியது. பிரான்சில் பிக்கார்டு புவியைத் துல்லியமாக அளந்த பின்னரே, பிரின்சிப்பியாவில் காணும் பொருத்தம் கைகூடியது.

சமன்பாட்டை எழுதி, எண்களைக் கொடுத்து, விசையைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கணக்குகளில் எத்தனை செய்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது. அவற்றில் விதி சரியென்று முன்பே ஒப்புக்கொண்டாகிவிட்டது. இதில் விதி பொய்த்துப்போக இடமிருந்தும் பொய்க்கவில்லை. நேரம் மிச்சமிருந்தால், இதே விதியால் விளக்க முடியாமல் புதனின் பாதையில் நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு கலைக்கு 60 விகலை) எஞ்சி நின்றதையும், 1915-இல் ஐன்ஸ்டைன் அதைத் தீர்த்ததையும் ஓரிரு வரிகளில் சொல்லலாம். இல்லையென்றால் விட்டுவிடலாம், நிலவுக் கணக்கை மட்டும் விட வேண்டாம்.

கடைசியாக, நாட்காட்டியில் குறித்துக்கொள்ள ஒரு நாள்: வரும் 2027 பிப்ரவரி 19 அன்று செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிரே, மகம் விண்மீனுக்கு அருகே நிற்கும். அவ்வாண்டு ஜனவரி நடுவிலிருந்து மார்ச் இறுதி வரை அதன் பின்வாங்கலைத் தொலைநோக்கி இல்லாமலே பின்தொடரலாம். பன்னிரண்டாம் வகுப்பினருக்கு அது செய்முறைத் தேர்வும் பொதுத்தேர்வும் வரும் காலம் என்பதால், பதினோராம் வகுப்பு மாணவர்களிடம் இதை ஒப்படையுங்கள். வாரம் ஒருமுறை மகத்திலிருந்து செவ்வாய் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று நீட்டிய கையின் விரல்களால் அளந்து, ஒரே தாளில் புள்ளி வைத்து வரச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர்