வாடகைதாரர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவை பொருளாளர் அக்கா வாசிப்பாங்க, நான் நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

இந்த வருஷம் நம்மகிட்ட வந்தவங்க அதிகமா சொன்னது ஒண்ணுதான், "ஹவுஸ் ஓனர் அடுத்த மாசம் காலி பண்ணுங்கறார்." வாயால சொன்னது, வாட்ஸ்அப்ல அனுப்பினது, சிலருக்கு வக்கீல் நோட்டீஸ். நோட்டீஸ் வந்த உடனே பாத்திரம் பண்டம் கட்ட ஆரம்பிச்சிடாதீங்க. 2019 பிப்ரவரி 22லருந்து அமல்ல இருக்கிற தமிழ்நாட்டு 2017 வாடகை சட்டப்படி, நாமளா போகலேன்னா வாடகை நீதிமன்றம் உத்தரவு போட்டாத்தான் வெளியேத்த முடியும், ஓனர் தானா பூட்டு போட முடியாது.

ரெண்டாவது மாடி போர்ஷன்ல இருக்கிற நம்ம உறுப்பினர் அக்கா, பாத்ரூம் ஒழுகுது சரி பண்ணி கொடுங்க, வாடகைக்கு ரசீதும் குடுங்கன்னு கேட்டாங்க. அடுத்த வாரமே மோட்டார் ஸ்விட்ச் பாக்ஸுக்கு புதுசா ஒரு பூட்டு. நாங்க போனப்ப காலைல ஆறு மணி, அந்தக்கா மூணாவது குடத்தை தூக்கிட்டு படியேறி வந்துட்டு இருந்தாங்க, புடவை முந்தானையெல்லாம் நனைஞ்சு, பேச்சே வரல. எனக்கு வயிறு எரிஞ்சுது. தண்ணி, கரன்ட் மாதிரி அத்தியாவசிய வசதியை ஓனர் நிறுத்தவே கூடாதுன்னு அதே சட்டத்துல இருக்கு, நிறுத்தினா வாடகை அதிகாரிகிட்ட மனு குடுக்கலாம், துணை கலெக்டர் ரேங்க்ல இருக்கறவர், விசாரணை முடியறதுக்கு முன்னாடியே உடனே திறந்து விடுன்னு இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இருக்கு. பூட்டை போட்டோ எடுத்து, வாடகை அனுப்பின பேங்க் ஸ்டேட்மென்ட் வச்சு மனு எழுதினோம். மனு நகல் ஓனர் கைக்கு போன மறுநாள் தண்ணி வந்துடுச்சு.

இன்னொரு குடும்பத்தை நம்மால காப்பாத்த முடியல, அது இன்னும் மனசுல உறுத்துது. ஓனர் மேல கோவத்துல அந்த அண்ணன் வாடகையை நிறுத்திட்டார், எங்ககிட்ட வந்தது ரொம்ப லேட். ரெண்டு மாச பாக்கி விழுந்து, ஓனர் நோட்டீஸ் குடுத்து ஒரு மாசத்துக்குள்ள முழுசா கட்டலேன்னா அதுவே காலி பண்ண வைக்க காரணம் ஆயிடும். தயவு செஞ்சு எவ்ளோ சண்டை வந்தாலும் வாடகையை நிறுத்தாதீங்க. ஓனர் வாங்க மாட்டேன்னு அடம் புடிச்சா வாடகை அதிகாரிகிட்ட கட்ட வழி இருக்கு, நாங்க கூட வரோம்.

அட்வான்ஸ் விஷயமா நிறைய பேர் கேட்டீங்க. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலேன்னா மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது, காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள பிடித்தம் போக திருப்பி தரணும். பத்து மாச அட்வான்ஸ்ங்கிறதை கண்ணை மூடிட்டு எழுதி கையெழுத்து போடறதாலதான் அப்புறம் கேக்க முடியாம போகுது.

நம்ம பக்கத்து பலவீனம் ஒப்பந்தம்தான். 11 மாசம்னு போட்டா பதிவு வேண்டாம்னு இன்னும் எல்லாரும் நம்பறோம், இந்த சட்டத்துல அந்த விலக்கு கிடையாது. எழுத்துல ஒப்பந்தம் இல்லேன்னா அதையே காரணம் காட்டி காலி பண்ண கேக்கலாம், அதனால ஓனர்கிட்ட நாமளே முதல்ல கேட்டு எழுதி வாங்கணும், எழுதினதை வாடகை அதிகாரிகிட்ட பதிவும் பண்ணணும்.

வர்ற வருஷம் தெரு தெருவா போய் அதைத்தான் செய்யப் போறோம். வர்ற ஞாயித்துக்கிழமை காலைல, கையில இருக்கிற ஒப்பந்தம், இபி பில், வாடகை அனுப்பின ஸ்கிரீன்ஷாட், எது இருக்கோ எடுத்துட்டு வாங்க, ஜெராக்ஸ் செலவு சங்கத்தோடது.