கச்சான் காற்று எழும்ப முதல் எல்லையை வெட்டுங்கள், இல்லையென்றால் வெட்ட விடுங்கள்

திருகோணமலை மாவட்டத்தில் காட்டுக்கும் காணிக்கும் அனர்த்தத்துக்கும் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகள் அனைவருக்கும்,

வணக்கம். போன வருடம் ஆவணியில் குச்சவெளிப் பக்கம் காட்டுத்தீ வந்து எங்கள் காணிகள் எரிந்ததை உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அறிக்கை உங்கள் மேசைக்கு வந்தது, படமும் எடுத்துக்கொண்டு போனீர்கள். அதைப் பற்றி மறுபடியும் எழுதுகிற எண்ணம் எனக்கு இருக்கவில்லை. ஆனால் போன கிழமை எங்கள் ஊர் ஆள் ஒருவருக்கு விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. தன் காணி வேலியோரம் கிடந்த பற்றையை வெட்டித் துப்புரவாக்கினாராம், அது காடழிப்பாம். அவர் வெட்டியது இலுக்குப் புல்லும் கினிப்புல்லும் கொஞ்சம் நாயுண்ணியும். பாலை மரமும் இல்லை, முதிரை மரமும் இல்லை. இந்த முறையும் நெருப்பு வந்து வேலியைப் பிடித்துவிடக்கூடாது என்ற பயத்தில் வெட்டினார். ஆவணியில் எரிந்ததற்கு இன்றுவரை ஒருவரையும் கூப்பிட்டு விசாரித்ததாகத் தெரியவில்லை. பங்குனியில் புல் வெட்டினவருக்கு மட்டும் கடிதம் நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, எழும்ப முதல், காணியும் காடும் முட்டுகிற எல்லை நெடுக, மண் தெரிகிற மாதிரிப் பதினைந்து அடி அகலத்துக்குத் தீத்தடுப்புப் பாதை வெட்டுங்கள். உங்களிடம் ஆளோ காசோ இல்லையென்றால், எங்கள் செலவில் நாங்களே வெட்டிக்கொள்ள எழுத்தில் அனுமதி தாருங்கள்.

மாரி மழை தையோடு ஓய்ந்துவிடும். இப்போது புல் ஆளுயரத்துக்குப் பச்சையாக நிற்கிறது, வெட்டினால் பிரச்சினையில்லை. வைகாசிக்குப் பிறகு தென்மேற்குக் காற்று மழையை எல்லாம் மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, வெறும் சூட்டோடு எங்கள் பக்கம் இறங்கும். ஆடி, ஆவணியில் அந்தப் புல்லுக்குள் ஒரு பீடித்துண்டு விழுந்தால் போதும். விடியற்காலையில் பச்சைக் குழையால் அடித்து நூர்க்கக்கூடிய நெருப்பு, பத்து மணி தாண்டிக் காற்று பிடித்துவிட்டால் ஆளை முந்திக்கொண்டு ஓடும். இடையில் பனை நின்றால் கேட்கவே வேண்டாம். கழிக்காத காவோலையில் ஏறி, எரிகிற ஓலை பறந்து போய் அடுத்த வளவில் விழும். அப்படிப்பட்ட காற்றில் பதினைந்து அடி போதாது என்று நீங்கள் சொல்லலாம். சரி, போதாதுதான். ஆனால் தரையோடு வருகிற நெருப்பு அந்த இடத்தில் நிற்கும், எங்களுக்கும் நின்று அடிக்க ஒரு இடம் கிடைக்கும். இப்போது அதுவும் இல்லை.

எனக்குப் பெரியம்மா முறையான ஒருவரின் கஜூத் தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அறிக்கையில் அது ‘பகுதி சேதம்’ என்று ஒரு வரியில் போயிருக்கிறது. 1990இல் ஊரை விட்டு ஓடி, சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்து, உறுதிப் பத்திரம் உள்ள சொந்தக் காணியில் பற்றை வெட்டி அவர் வைத்த கன்றுகள் அவை. தோளில் தண்ணீர் சுமந்து வளர்த்தார். காய்த்து இரண்டு மூன்று போகம்தான் எடுத்திருப்பார். நெருப்பு காட்டுப் பக்கத்து வேலியால் நுழைந்தது. கஜூ மரத்தின் கீழே சருகு எப்படிக் கிடக்கும் என்று தெரியும்தானே, அதற்குள் பொறுக்காமல் விட்ட கொட்டைகளும் கிடந்தன. கொட்டையின் கோதில் எண்ணெய் இருக்கிறது, அது சீறிச் சீறி எரிந்தது. கிணற்றடியில் போட்டிருந்த பிளாஸ்டிக் குழாய் உருகி மண்ணோடு ஒட்டிவிட்டது, வாட்டர் பம்பில் மிஞ்சியது இரும்பு மட்டும். உங்கள் ஆட்கள் வந்து பார்த்த அன்று மரங்களின் மேல் இலை பச்சையாக இருந்தது, அதனால் ‘பகுதி’ என்று எழுதிக்கொண்டு போனார்கள். அடிமரத்தைச் சுற்றிப் பட்டை வெடித்திருந்ததை யாரும் குனிந்து பார்க்கவில்லை. மாரிக்கு ஒன்றிரண்டு துளிர்த்தது, இப்போது அநேகமான மரங்கள் பட்டுப்போய் நிற்கின்றன. பெரியம்மா இன்னும் அவற்றை விறகுக்கு வெட்ட விடவில்லை. மழை பெய்தால் துளிர்க்கும் என்கிறார். கடன் வாங்கி எடுத்த பம்புக்குத் தவணை இன்னும் முடியவில்லை.

அந்த வேலியோரத்தை வெட்டித் தரும்படி, அல்லது வெட்ட விடும்படி, அவர் முன்கூட்டியே மனுக் கொடுத்திருந்தார். எந்த அலுவலகத்தில் கொடுத்தார், என்ன பதில் கிடைத்தது என்பதை இங்கே எழுதி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. அன்று நாங்கள் எந்தெந்தத் தொலைபேசி இலக்கங்களுக்கு எடுத்தோம் என்பதையும் விடுவோம். திருகோணமலைப் பட்டினத்திலிருந்து எங்கள் ஊர் முப்பது கிலோமீற்றருக்கு மேல். தண்ணீர் பவுசர் வந்தபோது பொழுது பட்டுவிட்டது, மணல் ஒழுங்கைக்குள் அதனால் இறங்கவும் முடியவில்லை. வந்த பிள்ளைகளில் குறையில்லை, அவர்களும் இறங்கி எங்களோடு குழை முறித்து அடித்தார்கள்.

“நெருப்பு வைக்கிறது உங்கள் ஆட்கள்தானே” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். உண்மைதான், இந்த வெயிலில் காடு தானாகப் பற்றுவது அரிது. வேட்டைக்கு வைக்கிறவன் இருக்கிறான், மாட்டுக்குப் புதுப்புல் வேண்டுமென்று வைக்கிறவன் இருக்கிறான், சேனைப் பயிருக்காகப் பற்றையை எரித்துவிட்டுக் காவல் நிற்காமல் வீட்டுக்குப் போகிறவனும் இருக்கிறான். அவர்களைப் பிடியுங்கள், நாங்களும் ஆள் காட்டுகிறோம். ஆனால் வைத்தவன் எங்கோ இருக்க, எரிகிறது எங்கள் காணி. இன்னொன்று. இலுக்கின் கிழங்கு மண்ணுக்கடியில் தப்பிவிடும், எரிந்த இடத்தில் முதலில் முளைப்பதும் அதுதான். வருடா வருடம் எரிய விட்டால் மரம் நின்ற இடமெல்லாம் புல்லாகி, அடுத்த வருடம் இன்னும் வேகமாக எரியும். காட்டைக் காப்பதற்காகத்தான் எங்களை வெட்ட விடவில்லை என்றால், அந்தக் கணக்கு எங்களுக்குப் பிடிபடவில்லை.

காடு எது காணி எது என்பதும் உங்கள் வரைபடத்துக்கே வெளிச்சம். ஆட்கள் அகதியாக இருந்த காலத்தில் காணிக்குள் வளர்ந்த பற்றை, திரும்பி வந்து பார்த்தால் காடு என்று எல்லைக்கல் போடப்பட்டிருக்கிறது. உறுதியைக் காட்டினால் வரைபடத்தைக் காட்டுகிறீர்கள். எரிந்த பிறகு நட்டஈடு கேட்டால் மட்டும் அது தனியார் காணியாகிவிடுகிறது. எரிந்த காட்டிலிருந்து யானை ஊருக்குள் இறங்கினால் அது வேறு அலுவலகத்தின் வேலை. விழிப்புணர்வுக் கூட்டமும் தவறாமல் நடக்கிறது, புரட்டாதியில், எல்லாம் எரிந்து முடிந்த பிறகு. பிஸ்கட்டும் தேநீரும் நன்றாக இருந்தது, நன்றி.

மன்னிக்கவும், பேச்சு எங்கேயோ போகிறது. நாங்கள் சண்டைக்கு வரவில்லை. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தில் வெள்ளம், வரட்சி, சூறாவளியோடு காட்டுத்தீயும் அனர்த்தமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. வெள்ளத்துக்கு மாரி தொடங்க முதலே வாய்க்கால் வெட்டுகிறோம். நெருப்புக்கும் அதே மாதிரிக் காலத்தோடு ஒரு வேலை நடக்கட்டும்.

ஆகவே தயவுசெய்து, சித்திரை வருடப்பிறப்பு லீவு முடிந்த கையோடு ஒரு நாளைக் குறியுங்கள். கிராம உத்தியோகத்தரும் காட்டுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரும் எங்களோடு எல்லை நெடுக நடக்கட்டும். எங்கே வெட்டலாம், எந்த மரத்தைத் தொடக்கூடாது என்று காட்டுங்கள், நாங்கள் கயிறு கட்டிக் குறித்துக்கொள்கிறோம். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் எங்களிடம் இருக்கிறது, டீசலுக்கும் கேட்கமாட்டோம். வெட்டின புல்லைக் காற்றில்லாத விடியற்காலையில், உங்கள் ஆள் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, எரித்து முடிக்கிறோம். ஒழுங்கை முகப்பில் தண்ணீர்த் தாங்கி ஒன்று வைக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் அது பிறகு.

விசாரணைக்குக் கூப்பிடப்பட்டவருக்கு அனுப்பிய கடிதத்தையும் தயவாகத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அவர் செய்ததை வைகாசிக்குள் ஊரே செய்ய வேண்டும். அதற்கான அனுமதியைத்தான் கேட்கிறோம், வாய்ப்பேச்சில் வேண்டாம், கையெழுத்தும் முத்திரையும் திகதியும் போட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
குச்சவெளிப் பக்கத்துக் காணிக்காரர் ஒருவர்