மாதப்பனுக்கு, ரிசோட்டோ பற்றி

கிருஷ்ணகிரி

அன்புள்ள மாதப்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மாங்காய் வரத்து சூடு பிடித்துவிட்டது, கூழ் ஆலைப் பக்கம் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. தர்மபுரியில் மழை உண்டா?

ரிசோட்டோ, அதான் சாற்றில் வழவழவென்று வேகவைக்கும் அந்த இத்தாலியச் சாதம், குழைந்துபோய்விட்டது என்று எழுதியிருந்தாய். பொன்னி அரிசியை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, குக்கரில் வைத்திருக்கிறாய். கோளாறு அங்கேதான். ரிசோட்டோவின் வழவழப்பு க்ரீமால் வருவதில்லை, அரிசியின் மாவுச்சத்தே கரைந்து அதைக் கொடுக்கவேண்டும். வட இத்தாலியில் போ ஆற்றுச் சமவெளியில் விளையும் ஆர்போரியோவும் கார்னரோலியும் குட்டையான, பருத்த அரிசி. மேல்பகுதி கரைந்து சாற்றைக் கெட்டியாக்கும், நடுப்பகுதி சட்டென்று குழையாது. கழுவினால் மேலே ஒட்டியிருக்கும் மாவு தண்ணீரோடு போய்விடும். பொன்னி உதிரியாக வேகிற அரிசி, புழுங்கலோ அவித்துக் காயவைத்ததில் மாவு இறுகியது. இரண்டும் இதற்கு ஆகாது. ஆர்போரியோ கிடைக்காவிட்டால் குட்டைப் பச்சரிசியில் செய்து பார். அது சீக்கிரம் வெந்துவிடும், 10 நிமிடத்திலேயே கடித்துப் பார்க்க ஆரம்பி.

இரண்டு பேருக்கு 160 கிராம் அரிசி போதும். முதலில் சாறு: ஒரு கேரட், பாதி வெங்காயம், காளான் காம்புகள், நாலு மிளகு, ஒரு லிட்டர் தண்ணீர், அரை மணி நேரம் கொதி. வடிகட்டி, உப்பைக் குறைத்தே போடு. சாறு சுண்டும், சீஸிலும் உப்பு உண்டு. பாலக்கோடு தக்காளி மலிவாகக் கிடைக்கிறதே என்று இதில் சேர்க்காதே, புளிப்பு மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். பக்கத்து அடுப்பில் சாறு சூடாகவே இருக்கட்டும். ஆறிய சாற்றை ஊற்றினால் ஒவ்வொரு கரண்டிக்கும் வேக்காடு நின்று நின்று தொடரும்; வெளியே குழைந்து உள்ளே நறுக்கென்று இருக்கும்.

150 கிராம் காளானைத் தனியாகப் பெருந்தீயில் வதக்கி எடுத்து வை. அரிசியோடு போட்டால் தண்ணீர் விட்டு எல்லாம் ஒரே நிறமாகிவிடும்.

அகலமான, அடி கனமான பாத்திரத்தில் 15 கிராம் வெண்ணெயும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் விட்டு, பொடியாக அரிந்த பாதி வெங்காயத்தைச் சிவக்காமல் வதக்கு. அரிசியைப் போட்டு மிதமான தீயில் 2, 3 நிமிடம் வறு. ஓரங்கள் கண்ணாடிபோல் ஆகி, நடுவில் வெள்ளைப் பொட்டு மட்டும் தெரியும். இப்படி வறுத்தால் மேல்பகுதி கொஞ்சம் இறுகி, அரிசி உடையாமல் நிற்கும். இத்தாலியில் இந்தக் கட்டத்தில் அரை டம்ளர் வெள்ளை ஒயின் ஊற்றுவார்கள். உன் வீட்டில் வேண்டாம் என்றால் கடைசியில் ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு.

பிறகு ஒரு கரண்டி சாறு. இழுத்ததும் அடுத்தது. மொத்தம் 700 மில்லிக்கு மேல் போகாது. மூடி போடாதே. விடாமல் கிண்டவும் வேண்டாம், சாறு ஊற்றும்போதும் அடி பிடிக்கப் பார்க்கும்போதும் கிளறினால் போதும். அரிசி ஒன்றோடொன்று உரசித்தான் மாவு கழன்று வரும். 15 நிமிடத்திலிருந்து ஒரு அரிசியை எடுத்து விரலில் நசுக்கிப் பார். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடு. அந்தச் சூட்டிலேயே மீதி வெந்துவிடும்.

கடைசி இரண்டு நிமிடத்தில்தான் ருசி முழுக்க இருக்கிறது. ஒரு நிமிடம் ஆறவிட்டு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த 25 கிராம் வெண்ணெய், துருவிய பார்மேசான் சீஸ் 40 கிராம் போட்டு வேகமாக அடித்துக் கலக்கு. வெண்ணெய் குளிர்ந்திருந்தால்தான் மெல்ல உருகி மாவுச்சாற்றோடு சேரும்; அடுப்பு எரியும்போதே போட்டால் எண்ணெயாகப் பிரிந்து நிற்கும். சீஸ் க்யூப் வேண்டாம், பசையாகிவிடும். இத்தாலியப் பார்மேசானில் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் உண்டு, பாலைத் திரிக்கச் சேர்ப்பது. வீட்டில் சைவம் என்றால் பச்சைப் புள்ளி போட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்கு.

காளானைச் சேர்த்துத் தட்டில் ஊற்றிச் சாய்த்தால் மெல்லப் பரவவேண்டும். களிபோல் நின்றால் இரண்டு ஸ்பூன் சூடான சாறு விட்டுக் கலக்கு. ஆற ஆற இறுகும், எல்லோரையும் உட்காரவைத்துவிட்டுத்தான் இறக்கவேண்டும். மீந்ததை மறுநாள் சூடாக்காதே. உருட்டி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்துவிடு.

அடுத்த வாரம் ஓசூர் போகிறேன். ஆர்போரியோ ஒரு கிலோ போதுமா, இரண்டு வாங்கவா? பதில் போடு.

அன்புடன்,
சென்றாயன்