மேகத்தை யார் தள்ளுவது?

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் தீபாவளிக்கு முந்தின நாள் வந்தது. பலகார வேலையில் உடனே பதில் எழுத முடியவில்லை. முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்ப்பதோடு நிற்காமல் ஒரு நல்ல டாக்டரைப் பார். இங்கே குறுவை ஒருவழியாகக் களத்தை விட்டுப் போயிற்று. சம்பா நட்டுப் பச்சை பிடிக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மாமனார் காலையும் மாலையும் குடையோடு வரப்பில் போய் நின்று, வடிகாலில் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறார். யார் சொன்னாலும் கேட்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "இந்த வயதில் டிராகன் கதையா" என்று என்னைக் கேட்டிருக்கிறாய். அடுத்த பக்கத்திலேயே மார்ட்டினின் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதை ஐந்து புத்தகத்தையும் முடித்துவிட்டேன் என்று பெருமையும் அடித்திருக்கிறாய். உன்னை என்னடி சொல்வது!

உனக்கு அதில் பிடித்தது அரண்மனைச் சூழ்ச்சியும் அந்தக் கல்யாண வீட்டுக் கொலைகளும். எனக்குப் பிடித்தது நீ "இழுவை" என்று திட்டிய நாலாவது புத்தகம்தான், 2005இல் வந்தது. பிரியென் என்கிற அந்த வீராங்கனை போர் ஓய்ந்த ஊர்கள் வழியாக நடந்துகொண்டே இருப்பாள். கூடவே மெரிபால்ட் என்று வெறுங்கால் சாமியார் ஒருவர், ஒரு கழுதை, ஒரு நாய். பட்டினி கிடக்கும் ஜனங்களுக்குக் கழுதை மேல் சாப்பாடு ஏற்றிக்கொண்டு போகிற மனிதர். கையில் கிடைத்ததை ஆயுதமாகத் தூக்கிக்கொண்டு ஆசையாகப் போருக்குப் போன குடியானவன் கடைசியில் எப்படி வழிப்பறிக்காரன் ஆகிறான் என்று அவர் சொல்கிற இடத்தை மட்டும் மறுபடி எடுத்துப் படி. நாம் படித்து வளர்ந்த சரித்திரக் கதைகளில் யானையும் குதிரையும் கொடியும்தான் உண்டு. படை நடந்துபோன வயல் என்ன ஆயிற்று என்று யாரும் சொன்னதில்லை.

இதே மார்ட்டின் ஒரு பேட்டியில் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனைச் சீண்டியிருக்கிறார். ஆரகார்ன் நல்ல ராஜா என்கிறீர்கள், அவனுடைய வரிக் கொள்கை என்ன என்று. நியாயமான கேள்விதான். ஆனால் அவரிடம் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. வருஷக்கணக்கில் நீளும் குளிர்காலத்தில் அந்த ஜனங்கள் எதைச் சாப்பிட்டார்கள்? களஞ்சியம், உப்புக்கண்டம், கண்ணாடித் தோட்டம் என்று ஏதேதோ சொல்கிறார். ஒரு அடைமழைக்கே மூட்டையின் அடியில் பூசணம் பூத்து, பிரித்தால் சூடாக நெடியடிக்கிற நெல்லைப் பார்த்தவள் நான். என்னால் நம்ப முடியவில்லை. ஆறாவது புத்தகத்தில் விளக்குவாரோ என்னவோ. 2011க்கு அப்புறம் அந்தக் கதையில் அடுத்த புத்தகம் வரவே இல்லை. நான் எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் என் கண் இங்கேதான் போகிறது. மந்திரம் இருக்கட்டும், டிராகன் இருக்கட்டும். சோறு எங்கிருந்து வருகிறது, யார் கைபட்டு வருகிறது என்பது எழுதுகிறவருக்குத் தெரிந்திருந்தால், அவர் சொல்கிற டிராகனையும் நான் நம்பிவிடுவேன். ஹாரி பாட்டரில் விருந்துச் சாப்பாடு மேஜையில் தானாக வந்து நிற்கும். நாலாவது புத்தகத்தில்தான் அதைச் சமைப்பது கூலியில்லாத குட்டி அடிமைகள் என்று தெரிய வரும். ஹெர்மயனி ஒருத்திதான் சாப்பாட்டைத் தள்ளிவைத்து நியாயம் கேட்பாள். அதைப் பாதி கேலியாகவே எழுதிவிட்டாரே என்று ரௌலிங் மேல் எனக்கு இன்னும் வருத்தம். சினிமாவில் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள்.

பெரியவள் சொன்னாளே என்று சாண்டர்சன் எழுதிய 'மிஸ்ட்பார்ன்' கதையையும் தொட்டேன். உலோகத்தை விழுங்கினால் சக்தி வரும், எதற்கு எது என்று வாய்ப்பாடு மாதிரி வைத்திருக்கிறார். விறுவிறுப்பாகப் போகிறது. மூடி வைத்தால் மனதில் ஒன்றும் நிற்கவில்லை.

லெ குவினை நீ படித்ததே இல்லை என்கிறாய். அதுதான் ஆறவில்லை. 1968இல் வந்த 'ஏ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ', கையடக்கமான புத்தகம். கெட் என்கிற மலைத்தீவுப் பையன் ஓகியன் என்கிற பெரிய மந்திரவாதியிடம் வித்தை கற்கப் போகிறான். வழியில் நல்ல மழை. மற்ற மந்திரவாதிகள் என்றால் ஒரு சொல்லில் மேகத்தைப் பக்கத்தில் தள்ளிவிடுவார்கள், பக்கத்து ஆள் அடுத்த பக்கம் தள்ளுவான். இப்படியே அலைக்கழிந்து மேகம் கடைசியில் கடலுக்குப் போய்த்தான் நிம்மதியாகப் பெய்யும். ஓகியன் ஒன்றும் செய்யாமல் ஒரு மரத்தடியில் படுத்துக்கொள்கிறார். பையன் புதரில் நனைந்தபடி, இந்த ஆளுக்குச் சக்தி இருந்து என்ன பிரயோஜனம் என்று பொருமுகிறான்.

அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன், மாலதி. நல்லவேளை, குடகிலும் மேட்டூரிலும் அப்படி ஆட்கள் இல்லை. இருந்திருந்தால் 2018இல் காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி. கணக்குக்கே வேலை இருந்திருக்காது, மேகத்தையே மறித்திருப்பார்கள். பின்னால் பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசான் கெட்டிடம் சொல்வார், இந்தத் தீவில் நீ வரவழைக்கும் மழை இன்னொரு தீவில் வறட்சியாகலாம் என்று. கடைமடைக்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மந்திரம் என்றால் இப்படி எங்காவது ஒரு விலை இருக்க வேண்டும். நம் விக்கிரமாதித்தன் கதையும் அதுதானே? சரியான பதிலைச் சொன்ன பாவத்துக்கு வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும்.

அப்புறம் பிராட்செட். 'ரீப்பர் மேன்' என்று 1991இல் எழுதியது. சாவுக்கு, அதாவது எமனுக்கே, வேலை போய்விடுகிறது. ஒரு கிழவியின் பண்ணையில் கூலிக்குச் சேருகிறான். அறுப்புக்கு இறங்கினால் ஒவ்வொரு தாளாகத்தான் அறுப்பான், ஆனாலும் மற்ற எல்லாரையும்விட வேகம். பிறகு அந்த ஊருக்கும் அறுப்பு மிஷின் வருகிறது. எங்கள் ஊரில் பெல்ட் மிஷின் முதலில் இறங்கிய வருஷம் கருக்கரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் நின்ற பெண்கள் எனக்கு அங்கே வந்துவிட்டார்கள். மிஷின் திரும்பும்போது மூலையில் விட்டுப்போகிற கதிரை அறுக்கத்தான் அன்று அவர்களைக் கூப்பிட்டோம். எமன் வருகிற கதைக்கு இப்படி விழுந்து விழுந்து சிரித்ததும் இல்லை, நடுவில் சிரிப்பு நின்றுபோனதும் இல்லை.

டோல்கீனிடம் எனக்குக் குறை உண்டு. பாட்டு வந்தால் பக்கத்தைத் தள்ளிவிடுவேன். ஆனால் சினிமாவை மட்டும் பார்த்துவிட்டு "தெரிந்த கதைதானே" என்கிறாயே, அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். படத்தில் மோதிரத்தை அழிக்கப் போனவர்கள் திரும்பி வரும்போது ஊர் அப்படியே இருக்கும். புத்தகத்தில் மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்து, ஆற்றில் கழிவை விட்டு, ஊரே நாறிக் கிடக்கும். அவர்களில் ஒருவனான தோட்டக்காரன் சாமிடம், வனத்துச் சீமாட்டி கலாட்ரியல் கொடுத்த ஒரு சின்னப் பெட்டி மண் இருக்கும். முழுக்கத் தன் தோட்டத்திலேயே கொட்டிக்கொள்ளாமல், ஊரெல்லாம் கன்று நட்டு, ஒவ்வொரு கன்றின் வேரிலும் ஒரே ஒரு துகள் வைத்துக்கொண்டே போவான்.

2018இல் கஜா புயல் அடித்த பிறகு பட்டுக்கோட்டைப் பக்கம் உன் அண்ணன் தோப்பைப் பார்க்க வந்தேனே, தென்னை எல்லாம் ஒரே திசையில் தலை வைத்துக் கிடந்தது. வீட்டுக்கு வந்து அந்த அத்தியாயத்தைத்தான் எடுத்துப் படித்தேன். மோதிரத்தை எரிமலையில் போடுகிறார்களா இல்லையா என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான். அண்ணன் வைத்த கன்றுகள் காய்ப்புக்கு வந்துவிட்டன என்று கேள்விப்பட்டேன். உண்மையா? எழுது.

லெ குவின் புத்தகத்தைப் பெரியவள் பெங்களூருக்கு எடுத்துப்போய்விட்டாள். பொங்கலுக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், காணும்பொங்கலன்று நீ வந்தால் கையோடு தருகிறேன். பஜ்ஜி சாப்பிட்ட கையால் மட்டும் தொடாதே. போன தடவை தந்த 'ஹாபிட்' இன்னும் எண்ணெய் வாசனை அடிக்கிறது.

அன்புடன்,
வசந்தா