ஆண்ட பரம்பரை

தர்மபுரி

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ இருக்கும் நார்வேயின் தேசிய தினமான மே 17 ஊர்வல வீடியோ பார்த்தேன். குழந்தைகள் கொடி பிடித்துக்கொண்டு போவதும், ராஜா குடும்பம் அரண்மனை மாடத்தில் நின்று கையசைப்பதும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. இவ்வளவு நல்ல ஜனநாயக நாட்டில் ராஜா இருந்தால் என்னம்மா தப்பு என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதியில் நின்றுவிடும், அதனால் எழுதுகிறேன்.

நார்வேக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 1905-இல் ஸ்வீடனை விட்டுப் பிரிந்தபோது டென்மார்க் இளவரசர் கார்லை அரியணைக்கு அழைத்தார்கள். மக்களைக் கேட்காமல் வரமாட்டேன் என்றார் அவர். ஓட்டெடுப்பில் நூற்றுக்கு 79 பேர் சம்மதித்த பிறகுதான் ஏழாம் ஹாகோன் என்ற பெயரில் ராஜாவானார். 1940-இல் ஜெர்மன் படை உள்ளே புகுந்து, நாஜி ஆதரவாளர் குவிஸ்லிங்கைப் பிரதமராக்கு என்று மிரட்டியது. ஹாகோன் அமைச்சர்களைக் கூப்பிட்டு, முடிவு உங்களுடையது, ஆனால் நீங்கள் இதற்கு ஒப்புக்கொண்டால் நான் முடி துறந்துவிடுவேன் என்றார். அமைச்சரவையும் மறுத்துவிட்டது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆனால் அந்த 1905 ஓட்டெடுப்பில் பெண்கள் கிடையாது. அவர்கள் எல்லாருக்கும் ஓட்டு வந்தது 1913-இல். 1990-இல், ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்கே பட்டம் என்று சட்டத்தை மாற்றினார்கள். அப்போதும் ஏற்கெனவே பிறந்திருந்த அக்கா, இளவரசி மார்த்தா லூயிஸைத் தாண்டி, தம்பிக்குத்தான் பட்டம் என்று வைத்தார்கள். எப்படித் திருத்தினாலும் ஒரே ஒரு வீட்டுப் பிள்ளைக்குத்தானே அந்த நாற்காலி? எனக்கு ஒப்பாதது அதுதான்.

நம்ம ஊருக்கும் ராஜா இருந்தார். தகடூர் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததை நீயே மேடையில் நடித்திருக்கிறாய். அந்த மனசை நான் இன்றும் கும்பிடுகிறேன். ஆனால் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து தகடூரை வென்றானே, அந்தச் சண்டை வேண்டுமா வேண்டாமா என்று உழுது பிழைத்தவனை யார் கேட்டார்கள்?

அது பழைய கதை, விடு. இன்றைக்கும் இங்கே 'ஆண்ட பரம்பரை' என்று பேனர் வைக்கிறார்கள். ஒவ்வொரு சாதிக்கும் ஒரு ராஜாவைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பையன்கள் கையில் கயிறு கட்டிக்கொண்டு, பக்கத்து பெஞ்சு பையனின் தாத்தா யார் என்று விசாரிக்கிறார்கள். நான் பாடம் நடத்திய காலத்திலேயே இதைப் பார்த்துப் பதறியிருக்கிறேன். பிறப்பைச் சொல்லி ஒருவனை உயர்த்தினால் அடுத்த நொடியே இன்னொருவன் கீழே போய்விடுகிறான். அங்கே ராஜா என்பது ஒரு அலங்காரமாக இருக்கலாம். இங்கே அந்த நினைப்பு ஊரை இரண்டாக்குகிறது, கண்ணு.

ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜிதான் ஆங்கில மன்னரின் பிரதிநிதியாக இருந்த கடைசி கவர்னர் ஜெனரல். 1950 ஜனவரி 26-இல் அந்தப் பதவியே ஒழிந்தது. அப்புறம் நடந்த முதல் பொதுத்தேர்தலில், எழுதப் படிக்கத் தெரியாத உன் கொள்ளுப்பாட்டியும் ஓட்டுப் போட்டார். ஜமீன் வீட்டு ஆளுக்கும் ஒரு ஓட்டு, அவருக்கும் ஒரு ஓட்டு. இதைவிடப் பெரிய மரியாதையை எந்த ராஜாவும் அவருக்குக் கொடுத்திருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நார்வே மக்கள் தங்கள் ராஜாவை வைத்துக்கொள்ளட்டும். வேண்டாம் என்று முடிவெடுக்கும் உரிமை அவர்கள் நாடாளுமன்றத்தின் கையில் இருக்கும்வரை எனக்கு ஆட்சேபணை இல்லை.

அப்புறம் ஒன்று. அங்கே மூன்று வருஷம் தொடர்ந்து குடியிருந்தால் வெளிநாட்டவருக்கும் நகராட்சித் தேர்தலில் ஓட்டு உண்டு. அடுத்த தேர்தல் 2027-இல். உன் பெயர் பட்டியலில் ஏறிவிட்டதா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
அம்மா